படத்தில் இல்லாத இலக்கம்

நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், தெரியும். சிரியுங்கள். வவுனியாவில் கணக்குப் படிப்பித்த காலத்தில், பேய்க்கதை சொன்ன பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிறுத்தியவன் நான்.

2012, மெல்பேர்ணில் குளிர்காலம். படகில் வந்த நானும் ரவி அண்ணையும் மல்கிரேவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அண்ணையின் தம்பி எங்களுக்குப் பிறகு படகேறியவன். நாலு மாதமாக ஒரு தகவலும் இல்லை. அண்ணை சமைப்பார், சாப்பிடமாட்டார். பார்க்கப் பெரிய வேதனையாக இருக்கும்.

ஒரு ஞாயிறு மத்தியானம், விடாத மழை. அவருடைய மனதைத் திருப்பலாம் என்று, பழைய சாமான் கடையில் எடுத்த ஒரு டிவிடியைப் போட்டேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கொலைப்படம், கறுப்பு வெள்ளை. கடலே கண்ணில் படாத மலைக்காடு, நடுவில் தனிவீடு, உள்ளே பிணம். அண்ணைக்கு இங்கிலிஷ் ஓடாது. ஒவ்வொரு வசனத்தையும் நான் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொலிஸ்காரர் பிணத்தின் காற்சட்டை இடுப்புப்பட்டியைப் பிரித்தார். உள்ளே பேனையால் எழுதிய தொலைபேசி இலக்கம். அவர் வாசிக்க வாசிக்க நானும் சொன்னேன். படகேறுகிற எங்கள் ஆட்கள் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள், உடல் கிடைத்தால் வீட்டுக்குச் சொல்லட்டும் என்று. வெள்ளைக்காரனுக்கும் இந்தப் பழக்கமா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அண்ணையின் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது. துள்ளி எழும்பினார்.

"அது அம்மாட நம்பரடா! உனக்கு ஆர் தந்தது?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணை. அந்தாள்தான் வாசிச்சது. நீங்களும் பாத்தனீங்கள்தானே?"

"ஓம், பாத்தனான்."

திருப்பிப் போட்டோம். மூன்று தரம். பொலிஸ்காரர் கோட்டுப் பையைத் தட்டுகிறார், ஒன்றும் இல்லை என்கிறார், அவ்வளவுதான். நம்பினால் நம்புங்கள், இடுப்புப்பட்டியை அவர் தொடவே இல்லை.

தம்பியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. ஞாயிறுதோறும் அம்மா ஊரிலிருந்து எடுப்பா. அவவுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்து ஃபோனை வைத்ததும், அண்ணை என்னிடம் வருவார்.

"நம்பருக்குப் பிறகு அந்தாள் வேற ஏதும் சொன்னவரோ?"

"ஒண்டும் சொல்லேல்லை அண்ணை."

அந்த இலக்கத்தை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நித்திரையில் தட்டியெழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எனக்குப் பேய்க்குப் பயமில்லை. ஒருநாள் வாய் தவறிவிடுமோ என்றுதான் பயம்.

ஏனென்றால், கோப்பை கவிழ்ந்த நேரம் பொலிஸ்காரர் இன்னொரு வசனம் சொன்னார். அன்று நான் தமிழில் சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான். உடுப்பெல்லாம் கடல் தண்ணீர் என்றார்.