பாவம் கேட்க ஆளில்லாத காலம்

எண்பதுகளில், அம்பத்தூர் டுடோரியலில் என் மகளுக்கு இடைக்கால ஆங்கில இலக்கியம் நடத்தியவர் அவர். ஒல்லியான மனிதர். கண்ணாடியைக் கழற்றி, எதிரிலிருப்பவர் முகம் மங்கினால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

அந்தத் தாளில் மறுபடியும் தோற்ற அன்று மகள் வீடு திரும்பவில்லை. சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனில் ஒவ்வொரு ரயிலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், இங்கிலாந்துல கொள்ளைநோய் வந்தப்போ, சாகக் கெடக்கறவங்ககிட்ட பாவத்தைக் கேட்டு மன்னிக்க வேண்டிய பாதிரிங்கள்லாம் செத்துட்டாங்க. பக்கத்துல யாரு இருந்தாலும் பாவத்தைச் சொல்லிக்கலாம்னு பிஷப்பே விட்டுட்டாரு.”

“இப்ப எதுக்கு சார் இந்தப் பாடம்?”

“‘உனக்கெல்லாம் எதுக்கும்மா படிப்பு’ன்னு இன்னிக்கு கிளாஸ்ல எல்லார் எதிர்லயும் உங்க பொண்ணைக் கேட்டுட்டேன் சார்.”

அடுத்த ரயில் வந்தது; எழுந்து போய்ப் பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். மறுநாள் மகள் திருநின்றவூரில் தோழி வீட்டில் கிடைத்தாள்.

அவள் போன அன்று காலை நானும் அதையேதான் கேட்டிருந்தேன். அவ்வளவு பக்கத்தில் அவர் இருந்தும் சொல்லவில்லை.