இறால் மேல் போட்ட பழி

நான் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. இறாலும் நண்டும் இல்லாத சோற்றைச் சோறென்று மதிக்காத வீட்டில் வளர்ந்தவள். கட்டிக்கொடுத்தது கிளிநொச்சியில் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற குடும்பத்தில். என் மனுசன் நல்ல மனுசன். கமக்காரர் கூட்டத்தில் எழும்பி நின்று சட்டம் பேசுவார். வீட்டில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். அவர் எனக்குப் பயப்படுகிறார் என்பதில் உள்ளூர எனக்கொரு பெருமை இருந்தது.

கலியாணம் முடித்த புதிதில் என் தம்பி ஒரு பை இறாலோடு வந்தான். தேங்காய்ப் பால் விட்டுக் குழம்பு வைத்தேன். இவர் சாப்பிட்டு எழும்பிக் கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு எடுக்க முடியாமல் முற்றத்தில் குந்திவிட்டார். தம்பியின் மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காப்பாற்றித் தந்தார்கள்.

இறால் கிரந்திச் சாப்பாடு, சொறியையும் புண்ணையும் கிளப்பிவிடும் என்று இவருடைய ஆட்கள் எப்போதும் சொல்வார்கள். அன்றோடு அது தீர்ப்பாகிவிட்டது. இறாலுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. குழம்பு வைத்த சட்டியையும் எறிந்தேன். மணம் பட்டாலே இவருக்கு ஆகாது என்று பயந்து நானும் இறாலை விட்டேன். அம்மா வீட்டில் பொரித்து வைத்தாலும் தொடமாட்டேன். தம்பி வேண்டுமென்றே என் முன்னால் இருந்து சப்புக்கொட்டிச் சாப்பிடுவான். எனக்கு அழுகை வரும். ஆனாலும் தொடவில்லை.

போன சிறுபோகத்தில் இவர் வரம்பு கட்டும்போது மண்வெட்டி காலில் கொத்திவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி சேற்றுக்குள் இறங்கினார். சொன்னால் கேட்கிற ஆளா? கால் முழங்கால் வரை சிவந்து வீங்கி, காய்ச்சலில் நடுங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். பார்த்த டொக்டர் உடனே வாட்டில் மறித்துப் படுக்கவைத்து, ஊசி மருந்து எழுதினார்.

மருந்தைக் கொண்டு வந்த நேர்ஸ் இளம் பிள்ளை. வந்த கையோடு ஏற்றாமல், முதலில் விளங்கப்படுத்தினாள்.

“இது ரெண்டு மருந்து சேர்ந்த ஊசி. ஒண்டு கிருமியைக் கொல்லும். மற்றது, கிருமி அந்த மருந்தை முறிச்சுப் போடாமல் பாத்துக்கொள்ளும். பெனிசிலின் குடும்பத்து மருந்து. ஐயாவுக்கு முந்தி ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதோ?”

“ஒண்டும் இல்லை, மிஸ்,” என்றார் இவர்.

“மருந்து இல்லை. இறால்தான் ஆகாது,” என்று நான் முந்திக்கொண்டு முழுக் கதையையும் சொன்னேன். உதடு, மூச்சு, மோட்டார் சைக்கிள், எறிந்த சட்டி, எல்லாம்.

அவள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். “அதுக்குப் பிறகு இறால் சாப்பிட்டவரோ?”

“மணம்கூடப் படவிடேல்ல,” என்றேன்.

அவள் இவரைப் பார்த்தாள். இவர் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தார்.

“ஐயா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. அண்டைக்குச் செய்தது இறால் எண்டால் இந்த ஊசியைப் போடலாம். இறால் இல்லாட்டி, வேற என்ன எண்டு எனக்குத் தெரியவேணும். தெரியாமல் போட்டால் உயிருக்கே ஆபத்து.”

இவர் என் பக்கம் திரும்பி, “இஞ்சரும், ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாருமன்,” என்றார்.

இந்த ஆளோடு இத்தனை காலம் குடும்பம் நடத்துகிறவள் நான். அசையவில்லை.

இவர் மறுபடி காற்றாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “முல்லைத்தீவுக்குப் போகேக்க… ஒரு கடை இருக்கு… அங்க சாப்பிடுறனான். ஒண்டும் செய்யிறேல்ல.”

“எத்தினை தரம் சாப்பிட்டிருப்பீங்கள்?”

“போற நேரமெல்லாம்,” என்றார் என் மனுசன்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியாது. நோயாளி என்றும் பார்க்காமல் ஏசியிருப்பேன். ஆனால் அந்தப் பிள்ளை கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, “அப்ப அண்டைக்கு இறாலோட வேற என்ன எடுத்தனீங்கள்? குளிசை ஏதும்?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. அன்று இவருக்குப் பல்லுக்கொதி. கன்னத்தைப் பொத்திக்கொண்டு திரிந்தவருக்குத் தம்பி, தான் காயத்துக்குக் குடித்து மிச்சம் வைத்த அமொக்சிலின் குளிசை ஒன்றைக் கொடுத்தான். குழம்பு ருசியில் அதை எல்லோரும் மறந்துபோனோம்.

“அதுவும் இதே குடும்பம்தான்,” என்று சொல்லி, அவள் கலந்து வைத்த மருந்தை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனாள்.

வேறு குடும்பத்து மருந்து வந்தது. தலைமாட்டு அட்டையில் சிவப்பு மையால் பெனிசிலின் ஆகாது என்று எழுதினார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை முதலில் சொல்லவேண்டும் என்று எனக்கும் படித்துப் படித்துச் சொன்னார்கள். அவள் ஊசியை மெல்ல ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். நான் இவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன, புதுசாப் பாக்கிறீர்?” என்று கேட்டார். பகிடியாம்.

காய்ச்சல் விட்டதும் வாய்க்காலில் தண்ணீர் முறை வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகத் துள்ளினார். மருந்து முழுதாக முடியாமல் கட்டிலை விட்டு இறங்கினால் தெரியும் என்றேன். அடங்கிக் கிடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் இறால் கொண்டுவரச் சொன்னேன். பால் விட்டுக் குழம்பு வைத்து என் சோற்றுக் கோப்பையில் போட்டேன். இவருக்குச் சோறும் பருப்பும் வைத்தேன்.

“உங்கட பங்கைத்தான் கடையில திண்டிட்டீங்களே. ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நீர் எனக்காக விட்டிட்டீர். நான் திண்டிட்டன் எண்டு எந்த முகத்தோட சொல்லுறது? ஏசுவீர் எண்டும் பயம்.”

முதல் இறாலை வாயில் வைத்தேன். எத்தனை வருசத்து ஆசை! மென்றுகொண்டே இவரைப் பார்த்தேன். அந்தத் தேத்தண்ணிதான் நினைவில் நின்றது. இந்த மனுசன் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடப் பயந்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டார். இறால்தான் என்று தலையாட்டியிருப்பார். ஊசி ஏறியிருக்கும். அவருக்காக இறாலையே விட்ட உத்தமி நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

சட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

“இனி என்னத்தைத் திண்டாலும் குடிச்சாலும் எனக்குச் சொல்லுங்கோ. ஏசுவன்தான். ஏசிப்போட்டு விட்டிடுவன்.”

“ஓம்,” என்றார். பெரிய இறாலாகப் பார்த்துத் தன் கோப்பையில் போட்டுக்கொண்டார்.