எட்டாம் நம்பர் பிரஷ்

என் கணவரின் தங்கை படகுத்துறையில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள். அங்கே வரிசையில் வருகிறவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடியின் கீழே உள்ள பிளவில் போய்வரும் கையைத்தான் பார்ப்பார்கள். அவளோ சின்ன வயதிலிருந்து நகம் கடிப்பவள். சதை தெரியும்வரை கடிப்பாள். அதனால் விரல்களை மடக்கிக்கொண்டு, முட்டியால்தான் டிக்கெட்டைத் தள்ளுவாள்.

பெரார்கஞ்சிலிருந்து சம்பந்தம் அமைந்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்ததும், புடவை பற்றியோ நகை பற்றியோ அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

“அண்ணி, மோதிரம் போடுறப்போ எல்லாரும் என் கையத்தான பாப்பாங்க. நீங்களே நகம் வெச்சு விட்டுருங்க.”

“பார்லர்ல செஞ்சா நல்லா இருக்கும்மா. நான் இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“நாலு பேர் இருக்கிற இடத்துல இந்த விரலை நீட்டச் சொல்றீங்களா? மாட்டேன். நீங்கன்னா சரி.”

குட்வில் எஸ்டேட்டில் ஒரு பார்லரில் அக்ரிலிக் என்ற செயற்கை நகம் வைக்க இரண்டு வாரம் பழகியிருந்தேன். பிளாஸ்டிக் விரல்களில் நன்றாக வந்தது. உயிருள்ள விரலில் இரண்டே முறைதான் வைத்திருந்தேன். அந்த இரண்டும் என் இடது கை விரல்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புகுந்த வீட்டில் ஒருத்தி நம்பி வந்து கேட்கும்போது மறுக்க எனக்கு வரவில்லை. சரி என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்தது.

முதலில் சொந்தமாக ஒரு பிரஷ் வேண்டும். அக்ரிலிக் வேலையில் பிரஷை லிக்விடில் நனைத்து, நுனியால் பவுடரைத் தொட்டால் அதில் ஒரு சின்ன உருண்டை திரண்டு வரும். அதை நகத்தில் வைத்து, இறுகுவதற்குள் அழுத்திப் பரப்ப வேண்டும். உருண்டையின் அளவும் ஈரமும் பிரஷைப் பொறுத்தது. வீடியோக்களில் எல்லாரும் கொலின்ஸ்கி முடியைத்தான் சொன்னார்கள். குளிர்தேசத்தில் வாழும் கீரி மாதிரியான ஒரு பிராணியின் வால் முடி அது.

“கீரி வாலா?” என்றாள் நாத்தனார். “அம்மா காதுல போட்டுராதீங்க அண்ணி. நிச்சயதார்த்தத்தையே தள்ளி வெச்சுருவாங்க.”

நான் பார்த்த பிரஷ்களில் பாதிக்குமேல் எங்கள் தீவுப் பின்கோடுக்கு வராது என்றது போன் திரை. ஒருவழியாக மெயின்லேண்டிலிருந்து அனுப்ப ஒருவர் ஒத்துக்கொண்டார். வீடியோவில் வரும் பெண் வைத்திருந்தாள் என்பதற்காக நானும் பன்னிரண்டாம் நம்பரே கேட்டேன். மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, புரோத்ராபூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நிச்சயதார்த்தம்.

அதன் பிறகு நான் செய்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். வீட்டுக்குள் வரும் எதையும் கொதிக்க வைக்காமல் எனக்கு நிம்மதி கிடையாது. பால் பாட்டில், ஸ்பூன், கிலுகிலுப்பை எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும். எத்தனை கை பட்டு வந்ததோ, கல்யாணப்பெண்ணின் விரலில் படப்போகிறதே என்று நினைத்தேன். பாட்டில்களோடு பிரஷையும் போட்டேன். இரண்டே நிமிடம்தான். இடுக்கியால் எடுத்தபோது முடி துடைப்பமாக விரிந்திருந்தது. விரலால் சேர்த்துப் பிடித்தேன். பாதி என் விரலோடு வந்துவிட்டது.

எனக்குக் கற்றுத்தந்த பார்லர்காரிக்குப் போன் செய்தேன். அவள் வங்காளிக் குடும்பத்துப் பெண், என் வயதுதான். வேலை பழகும்போது மரியாதைக்கு என்னை தீதி, அதாவது அக்கா, என்பாள், நானும் அவளை அப்படியே கூப்பிடுவேன்.

“பச்சி கீ போதல் கே ஸாத் உபால் தியா?” குழந்தையின் பாட்டிலோடு சேர்த்தா கொதிக்க வைத்தாய் என்று மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை எனக்குச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு, “ருக்கோ, தீதி. நான் வர்றேன்” என்றாள். எங்கள் ஊரில் ஒரு வாக்கியம் இந்தியில் தொடங்கி தமிழில் முடிவது சாதாரணம்.

தன் பிரஷை அவள் யாருக்கும் கொடுக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு கையின் அழுத்தத்துக்குப் பழகிய முடி இன்னொரு கையில் கெட்டுப்போகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். நானும் கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் வரவேண்டிய இரண்டு பேரை மறுநாளுக்கு மாற்றிவிட்டு, ஸ்கூட்டியில் என்னை அபர்தீன் பஜாருக்கு அழைத்துப்போனாள். அதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நானாக இருந்தால் அந்த இரண்டு பேரும் என்ன நினைப்பார்களோ என்று யோசித்தே மாலையாகியிருக்கும்.

ஃபேன்சி கடையில் பிரஷ்கள் ஒரு கண்ணாடி டம்ளரில் நின்றன. எல்லாவற்றிலும் கொலின்ஸ்கி என்று பொன் எழுத்து. எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. மினுமினுக்கும் கைப்பிடி உள்ளதை நான் எடுத்தேன். அவள் அதை வாங்கி, பார்க்காமலே திரும்ப வைத்தாள்.

புது பிரஷின் முடி கலையாமலிருக்க கோந்து போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தக் கோந்தை உடைத்தால்தான் முடியின் குணம் தெரியும். அவள் விரல்நுனியால் உருட்டத் தொடங்கியதும் கடைக்காரர் எழுந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“ஏம்மா, ஏம்மா! கோந்தை உடைச்சுட்டா பெறகு யாரு வாங்குவா? எந்தலைக்கு டை அடிக்கத்தான் ஆவும்.”

“தலை மே முடி கஹாங் ஹை, அண்ணா?” என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, “என்னமும் செய்யி” என்று உட்கார்ந்துவிட்டார்.

அவள் பார்த்த விதத்தை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். முதலில் முடியும் உலோகமும் சேரும் இடத்தில் நகத்தை வைத்து, ஆடுகிறதா என்று பார்த்தாள். ஆடிய மூன்றை ஒதுக்கினாள். அடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நிஜ முடியின் நுனி ஒவ்வொன்றும் மெலிந்து முடியுமாம், நைலான் என்றால் எல்லாம் வெட்டிவிட்ட மாதிரி ஒரே கனமாக நிற்குமாம். அதில் இன்னும் இரண்டு போயின. மீதியின் கோந்தை உடைத்துப் புறங்கையில் அழுத்தி விட்டாள். வளைந்து அப்படியே கிடந்ததை எனக்குக் காட்டி, “சோ கயா” என்றாள். தூங்கிவிட்டதாம். நல்லது உடனே எழுந்து நிற்க வேண்டும். கடைசியில், தன் பையிலிருந்த சின்னப் புட்டி லிக்விடில் நனைத்து ஒரே ஒரு உதறல். நடுவில் பருத்து, நுனி ஒன்றாகக் கூடியவை இரண்டே இரண்டுதான். ஒன்று பெரியது, பன்னிரண்டாம் நம்பர். மற்றது சின்னது, எட்டு.

அவள் அவசரப்படவே இல்லை. எதையும் ஒதுக்கிய பிறகு திரும்ப எடுத்துப் பார்க்கவும் இல்லை. ஒரு நாளில் நான் எத்தனை முறை அடுப்பு அணைந்திருக்கிறதா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“இதுல எது?” என்று கேட்டேன்.

“தோனோ அச்சா ஹை. பாக்கி நீங்க பாருங்க.” இரண்டுமே நல்லதுதானாம்.

“நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?”

“மேரா ஹாத் தோ மேரா ஹை, தீதி. என் கை என் கைதான். விரல் உங்க நாத்தனாரோடது, கை உங்களது. நான் எப்படிச் சொல்றது?”

கணவருக்குப் போன் போட்டேன். “ஆஃபீஸ்ல இருக்கேன். பிரஷ்தானே? பெருசா இருக்கிறத எடு” என்றார். வழக்கமாக அதோடு என் குழப்பம் தீர்ந்திருக்கும். ஆனால் அந்தச் சமயம் நாத்தனாரின் கட்டைவிரல்தான் என் கண்முன் வந்தது. நகம் என்று அதில் இருப்பது மொச்சைக்கொட்டையில் பாதி. பழகும் நாட்களில் என் உருண்டை எப்போதும் ஈரம் கூடித்தான் வரும், வழிந்து தோலில் ஏறும். பெரிய பிரஷ் அதிகம் குடிக்கும். என் கைக்கும் அவள் நகத்துக்கும் சின்னதுதான் சரி. எட்டாம் நம்பரை எடுத்தேன். பார்லர்காரி லிக்விட் புட்டியை மூடிப் பைக்குள் போட்டாள். கடைக்காரர், “இதுக்கா இவ்வளவு நேரம்!” என்றார்.

சனிக்கிழமை பகலில் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தோம். வாடை ஆகாது என்று மகளைத் தூக்கிக்கொண்டு கணவர் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். நாத்தனார் துண்டின்மேல் கையை வைத்தாள். விரல்கள் தாமாக மடங்கின. ஒவ்வொன்றாக நீட்டிவிட்டேன்.

முதல் உருண்டை வழிந்தது. தோலில் பட்டால் அரிப்பு வரலாம் என்று தெரியும், பதறித் துடைத்தேன். நான் எடுத்தது தப்பு, பெரியதையே எடுத்திருக்க வேண்டும், இல்லை, மாட்டேன் என்றே சொல்லியிருக்க வேண்டும்.

“அண்ணி, மூச்சு விடுங்க. கல்யாணம் எனக்குத்தான், உங்களுக்கு இல்ல.”

பிரஷைப் புட்டியின் விளிம்பில் அழுத்தி வழித்தேன். இந்த முறை உருண்டை குண்டுமணி அளவில், வழியாமல் திரண்டு நின்றது. நகத்தில் வைத்து மூன்று வரை எண்ணி அழுத்தினேன். முடி வளைந்தது, எழுந்தது. நீளம் கூட்டுவதற்காக நகத்துக்கு அடியில் ஒட்டியிருந்த காகித அச்சின்மேல் பவுடர் பளபளப்பாகப் பரவியது. பத்து விரலுக்கு நான்கு மணிநேரம் ஆனது. பார்லர்காரி ஒன்றரை மணியில் முடிப்பாள். இடது மோதிர விரலில் கொஞ்சம் கனம் கூடிவிட்டது. அது எனக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டதும் அவருடைய அத்தை வந்து நாத்தனாரின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“அட, நல்லா இருக்கே. எந்த பார்லர்லம்மா?”

நான் தூணுக்குப் பின்னால், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். நாத்தனார் சபையைப் பார்த்தாள். பிறகு ஐந்து விரல்களையும் விரித்து, கையை நன்றாக நீட்டி, என்னைக் காட்டினாள்.