கண்ணாடியைத் துடைக்கும் அதிகாரி

நேர்காணல் கதை என்றாலே நீலாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வாசகர் வட்டத்தில் யாராவது அப்படி ஒரு கதையைக் கொண்டுவந்தால் முதல் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவாள்.

"கிழிஞ்ச சட்டையோட ஒரு பையன் வருவான். யாருமே இல்லாத ரூம்ல சுத்துற ஃபேனை நிறுத்துவான். அதைப் பாத்துட்டு அதிகாரி கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு. உடனே வேலை! அட போங்கடி. இன்டர்வியூவுல கண்ணாடி துடைச்ச ஒருத்தனையும் நான் பாத்ததில்ல. கேள்வி கேக்குறவனை நல்லவனாக்கத்தான் இத்தனை கதையும்."

வலங்கைமானில் என் தையல் கடை மாடியில்தான் வட்டம் கூடும். நான் சாவித்திரி. நானும் அவளும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். அடுத்தவர் வயலில் நட்டும் களை பறித்தும்தான் எங்கள் இரண்டு வீட்டிலும் எங்களைப் படிக்க வைத்தார்கள். இன்றைக்கு நீலாம்பாளிடம் சொந்தமாக நடவு மெஷின் இருக்கிறது. குறுவை வந்துவிட்டால் மயிலாடுதுறைப் பக்கமிருந்துகூட அவளைத் தேடி ஆள் வருகிறது. மெஷின் கொட்டகையில் டீசல் கேனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கதைப் புத்தகம் கிடக்கும்.

அவள் கோபம் சும்மா வந்ததில்லை. இளம் வயதில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்காணலுக்குப் போனாள். என் புடவையைக் கட்டிக்கொண்டுதான் போனாள். நடுநாற்காலியில் சபாநாயகம் என்று ஓர் அதிகாரி. டைப் அடிப்பதைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டார். அப்பா அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப உனக்கு நடவு நல்லா வருமே! எங்க, குனிஞ்சு நட்டுக் காட்டு, பாப்போம்."

வேலை வேண்டுமே, என்ன செய்வாள்? குனிந்தாள். சிமெண்டுத் தரையில் வெறுங்கையால் நட்டுக்கொண்டே பின்னால் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சரி, போயிட்டு வா. சொல்லி அனுப்புறோம்" என்றார் சபாநாயகம். தபால்காரர் வரும் வழியைப் பார்த்துப் பார்த்து இவளுக்குக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

போன குறுவைக்குச் சற்று முன்னால் அதே சபாநாயகம் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். ஓய்வு பெற்று, ஊரோடு வந்து வயலைப் பார்த்துக்கொள்கிறாராம். கதையும் எழுதுகிறாராம். அன்றைக்கு அவர் கதையைத்தான் பேச எடுத்திருந்தோம். தலைப்பைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஓர் ஏழைப் பெண் நேர்காணலுக்கு வருகிறாள். நடவு தெரியுமா என்று அதிகாரி அன்பாகக் கேட்கிறார். அவள் பெருமையோடு குனிந்து நட்டுக் காட்டுகிறாள். அதிகாரி கண்கலங்கிக் கண்ணாடியைத் துடைக்கிறார். வேலை கிடைத்துவிடுகிறது.

நீலாம்பாள் எழுந்தாள். "சார், இது கற்பனையா, நடந்ததா?"

"நடந்ததும்மா" என்றார் அவர், அடையாளமே தெரியாமல் இவளை நேருக்கு நேர் பார்த்தபடி. "நான்தான் அந்த அதிகாரி. அந்தப் பொண்ணு இன்னைக்கு நல்லா இருக்கா. இப்பவும் என்னை மறக்கல."

எல்லோரும் கைதட்டினார்கள். நீலாம்பாளும் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் கலைந்ததும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி வாயைத் திறக்கல? நாலு பேர் முன்னால நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருக்க வேணாமா?"

"கேட்டா என்ன சொல்வாரு? கதைதானேம்மான்னு சிரிப்பாரு. இரு. அவரு பாய் நாத்து விடப்போறாருன்னு என் டிரைவர் சொன்னான்."

தட்டில் பாய் மாதிரி வளர்க்கும் அந்த நாற்று மெஷினுக்கென்றே விடுவது. வயது ஏறினால் வீண். இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மெஷின் தானாக வந்துவிடும் என்று நினைத்து அவர் நாற்று விட்டிருக்கிறார். சுற்றுவட்டத்தில் மற்ற மெஷின்களையெல்லாம் அதற்குள் ஆட்கள் பேசி முடித்துவிட்டார்கள். கையால் நட ஆளும் கிடைக்கவில்லை. கடைசியில் கொட்டகைக்கு வந்து நின்றார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், நல்லவேளை.

நீலாம்பாள் நாற்காலியைவிட்டு எழவில்லை. அவரை உட்காரவும் சொல்லவில்லை.

"மெஷின் தர்றதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும் சார். அந்தப் பொண்ணுக்கு நெஜமா வேலை கொடுத்தீங்களா?"

"அதான் கதையிலயே இருக்கேம்மா."

"கதையில இருக்கு சார். அவ இங்க இருக்கா. எந்தத் தெருன்னு கேட்டீங்களே, அந்தத் தெருதான். குனின்னு சொன்னீங்களே, அந்த இடுப்புதான் இது."

அவர் முகம் செத்துப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆமாம், துடைத்தார்! நீலாம்பாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது ஏதோ விளையாட்டுக்கும்மா... அந்தக் காலம் அப்படி."

"வர்ற கூட்டத்துல எழுந்து நின்னு, நடந்ததை நடந்தபடி சொல்றீங்களா? நாளைக்கே மெஷின் வரும்."

சபாநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஊருக்குள்ள எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்மா" என்றார்.

"சரி சார், போயிட்டு வாங்க. சொல்லி அனுப்புறோம்."

அவர் படலைத் தாண்டிப் போகும்வரை இவள் அசையவில்லை. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

சில நாள் கழித்து என் கடைக்கு போன் வந்தது. சபாநாயகம்தான். நாற்று பழுத்துக்கொண்டிருந்தது போலும், குரல் இறங்கியிருந்தது.

"அம்மா, நீலாம்பாள் எடுக்க மாட்டேங்குறாங்க. எப்ப சொல்லி அனுப்புவாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

"வரிசைப்படிதான் சார்" என்றேன். "உங்களுக்கு முன்னால அவ காத்துக்கிட்டிருக்கா."