எழுதிக் கொடுக்காத ஆட்சேபம்

ஃப்ராவ்கே தியார்க்ஸ் வக்கீல் தொழிலுக்குப் போயிருந்தால் இந்நேரம் பிரேமன் நகரத்து ஆற்றங்கரையில் வீடு கட்டியிருப்பாள். சட்டப் படிப்பின் இரண்டு அரசுத் தேர்வுகளிலும் அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பெரிய வக்கீல்கள் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். கட்சிக்காரனுக்கு வாதாடுவதற்காக நான் சட்டம் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, எங்கள் மாவட்ட அலுவலகத்தில் சட்ட அதிகாரியாக வந்து சேர்ந்தாள். மழை, மாடு, பன்றி, இவை தவிர இங்கே என்ன இருக்கிறது? அவள் அம்மா ஒரு மாதம் பேசவில்லை.

படிப்படியாகச் சட்டத் துறைத் தலைவி ஆனாள். பயிற்சிக்கு வரும் இளம் சட்டதாரிகளுக்கு அவள் வருஷா வருஷம் எடுக்கும் முதல் பாடம் ஒன்றுதான்.

"மேலதிகாரி சொல்றது சட்டத்துக்கு ஒத்து வரலன்னா ஆட்சேபிக்கிறது உங்க உரிமை இல்ல, கடமை. எழுதிக் குடுங்க. வாயால சொன்னது காத்தோட போயிடும். அப்புறம் கையெழுத்துப் போட்டவன் தலைதான் உருளும்."

எக்கார்ட் ரெங்கன் அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சட்டம் படித்தவன். அவள் படித்ததில் அவன் பாஸானான் என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். அவன் தேர்தலில் நின்று ஜெயித்து மாவட்டத் தலைவனாக, அவளுக்கே மேலதிகாரியாக வந்தபோது, தானே ஜெயித்த மாதிரி பூரித்துப் போனாள், பைத்தியக்காரி.

ஜனவரி வந்தால் கோசு நடை என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அலுவலகமே சாராயப் புட்டிகளை ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு அணைக்கரையோரம் நடந்து போய், விடுதியில் கோசுக்கீரையும் கொத்துக்கறிச் சமாச்சாரங்களும் தின்று தீர்க்கும். அந்த வருஷம் இவர்கள் இருவரும் கொஞ்சம் பின்தங்கி நடந்தார்கள்.

"அந்தப் பன்னிப் பண்ணை ஃபைல் உன் மேசையில தூங்குதாமே?"

"தூங்கல, செத்துப் போச்சு. பக்கத்துலயே ஊர்க் குடிதண்ணிக் கிணறு. சட்டம் இடம் குடுக்காது."

"பண்ணைக்காரனுக்கு நான் வாக்கு குடுத்துட்டேன் ஃப்ராவ்கே. அனுமதி குடுத்துத்தான் ஆகணும்."

"அப்ப நான் ஆட்சேபிக்கிறேன். நாளைக்கே எழுதித் தரேன்."

அவன் நின்று, சின்னக் கோப்பையில் ஊற்றி நீட்டினான். "நமக்குள்ள காகிதமா? எதிர்க்கட்சிக்காரன் கையில சிக்கினா நான் தொலைஞ்சேன். பொறுப்பு என்னோடது. போதுமா?"

அவள் வாங்கிக் குடித்தாள். காகிதம் எழுதவில்லை. மறு வாரம் அனுமதியில் கையெழுத்துப் போட்டாள்.

ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் அனுமதியைக் கிழிக்காத குறையாக ரத்து செய்தது. மாவட்ட மன்றம் விசாரணைக் குழு போட்டது. எக்கார்ட் சாட்சி சொல்ல எழுந்தபோதுகூட அவள் பயப்படவில்லை. பொறுப்பு என்னோடது என்று அவன் சொல்லியிருந்தானே.

"திருமதி தியார்க்ஸ் ரொம்ப அனுபவசாலி," என்றான். "ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுக்கணும்னு வருஷா வருஷம் வகுப்பெடுக்கிறதே அவங்கதான். எனக்கு எந்தக் காகிதமும் வரல."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"வாயால சொன்னீங்களாம்மா?" என்று குழுத் தலைவர் அவளைக் கேட்டார்.

"சொன்னேன். கோசு நடையில."

"எத்தனையாவது கோப்பைக்கு அப்புறம்?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்க, கூடமே சிரித்தது. எக்கார்ட் மட்டும் சிரிக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துறை அவள் கையை விட்டுப் போயிற்று. வேட்டை உரிமம் கொடுக்கும் பிரிவில் ஒரு நாற்காலி காட்டினார்கள். அவளும் மறுத்துப் பேசவில்லை. பயிற்சிக்கு வந்த ஒருவன் வாயால் சொன்னேன் என்று பதில் சொல்லியிருந்தால் அவளே அவனைப் பெயிலாக்கியிருப்பாள்.

வராந்தாவில் எக்கார்ட் பின்னாலேயே வந்தான். "கோவமா? வசந்தத்துல எனக்குத் தேர்தல். உனக்கு யார்கிட்டயும் ஓட்டுக் கேக்க வேண்டியதில்ல."

"நான் ஏன் எழுதலன்னு உனக்குத் தெரியும் எக்கார்ட்."

"தெரியாமலா?" அவன் அவள் தோளைத் தட்டினான். குரலில் நிஜமாகவே பாசம் இருந்தது. "நீ எனக்கு எதிரா எழுத மாட்டேன்னு தெரிஞ்சுதான் உங்கிட்ட வந்தேன். வேற யாரா இருந்தாலும் அன்னிக்கே எழுதியிருப்பாங்க."