டிரைவரண்ணன் மேடையில் சொன்னது

ஜேடர்பாளையம் போகும் வழியில் ஒரு டீக்கடையில் எங்கள் ஜீப் தவறாமல் நிற்கும். டிரைவரண்ணன் முறுக்கை உள்ளங்கையில் வைத்து நொறுக்கி, டீ கிளாசுக்குள் போட்டு, அது ஊறிக் கூழாகும்வரை காத்திருப்பார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். பிறகு கிளாசை உதட்டோரம் சாய்த்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் தனக்குத்தானே கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டிக்கொள்வார். காரச் சட்னியைத் தொடமாட்டார். ஐம்பதைத் தாண்டியவர், பல்லில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

நான் அப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் உணவுப் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். பாக்கும் வாசனையும் சேர்த்துப் பொட்டலமாக வரும் மெல்லும் புகையிலைக்கு எங்கள் மாநிலத்தில் தடை இருந்தது. கடை கடையாகப் போய் அந்தப் பொட்டலங்களைப் பிடிப்பது என் வேலைகளில் ஒன்று. கலப்பட எண்ணெய், கெட்டுப்போன கறி, சாயம் போட்ட மிட்டாய் என்று வேறு வேலைகளும் இருந்தன. ஆனால் மேலிடத்திலிருந்து கேட்பதெல்லாம் இதைத்தான். இன்று எத்தனை கடை பார்த்தீர்கள், எத்தனை கடைக்குச் சீல் வைத்தீர்கள் என்று கேட்பார்கள். சீல் வைத்த கடை சில நாளில் திறக்கும். பொட்டலம் முன்பைவிட ஆழமான இடத்துக்குப் போகும். நாங்கள் மறுபடி போவோம். ஓட்டைக் குடத்தில் நீர் சேந்துகிற வேலை. முதல் வருடம் கோபத்தோடு செய்தேன். அப்புறம் பழக்கத்தில் செய்தேன்.

டிரைவரண்ணன் ஒப்பந்த வண்டியின் ஓட்டுநர். அதற்குமுன் இருபது வருடம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் இருந்தவர். இந்த ஊர் ஆட்கள் போர் போடாத வடநாட்டு மாவட்டம் கிடையாது. அவரும் மாதக்கணக்கில் தகரக் கொட்டகையிலும் லாரிக்கடியிலும் படுத்து, இந்தியும் சப்பாத்தியும் பழகி, இடுப்பு தேய்ந்தபின் ஊர் திரும்பியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் மேடம் என்பார். எந்தச் சந்துக்குள் எந்தக் கடை, அதில் பொட்டலத்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைப்பார்களா, சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, "அந்தப் பொரி டின்னைக் கொஞ்சம் பாருங்க மேடம்" என்பார். கை விட்டால் இருக்கும். மாவட்டத்தில் அதிகமாகப் பிடித்தவள் என்று எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வண்டிக்குள் எப்போதும் ஒரு இனித்த, காட்டமான வாசனை இருந்தது. நாங்கள் பிடித்துவரும் மூட்டைகளின் வாசனை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

மூன்றாம் வருடம், ஒரு புகாரின்பேரில் ஜேடர்பாளையம் அணைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடைக்குப் போகச் சொன்னார்கள். டிரைவரண்ணன் அந்தக் கடையை எனக்குக் காட்டியதே இல்லை. அன்றும், "அது சின்னக் கடைங்க, ஒண்ணும் இருக்காதுங்க" என்றார். போனோம். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் கடையில் இருந்தாள். அணையைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலும் மாங்காய்த் துண்டும் விற்பவள். மாங்காய்க் கூடைக்கு அடியில் சாக்கைத் தூக்கினேன். இரண்டு சரம் பொட்டலம் இருந்தது.

அவள் அழவில்லை. "ஏனுங்க மேடம்" என்றாள், மேலே தொங்கிய பீடிக்கட்டைக் காட்டி. "இத விக்கலாம். அந்த சிகரெட்ட விக்கலாம். இத மட்டும் விக்கக்கூடாதுங்களா? அதுல புத்துநோய் வராதுங்களா?"

சட்டம் அப்படி இருக்கிறது என்றேன். என் காதுக்கே அது ஒரு பதிலாகக் கேட்கவில்லை. அவளுக்கு அதில்தான் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பின்னால் நின்றவரை நோக்கிக் கையை நீட்டினாள். "அப்ப உங்க டிரைவரக் கேளுங்க. நாள் தவறாம என்றகிட்டத்தான் வாங்கறாரு. அவுருக்குச் சீல் வெப்பீங்களா?"

டிரைவரண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் படிவத்தை நிரப்பினேன். கடைக்குச் சீல் வைத்தேன். அரக்கு உருகிச் சொட்டுவதையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் மதகில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். "வாயைத் திறங்கண்ணா" என்றேன். அவர் திறந்தார். இரண்டு விரல்கூட உள்ளே போகாது. அதற்குமேல் வாய் திறக்கவே இல்லை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு படலம், அதன் ஓரத்தில் சிவந்த புண்.

"எத்தனை நாளா?"

"காரம் ஆகாமப் போயி மூணு வருசம் இருக்குங்க. புண்ணு இப்பத்தானுங்க, ஆறு மாசமா."

மூன்று வருடம். நான் அவருடைய வண்டியில் ஏறி உட்கார்ந்த காலமும் அதேதான்.

ரிக்கில் இருந்தபோது பழகியதாம். இயந்திரம் ஓடத் தொடங்கினால் விடியவிடிய நிறுத்த முடியாது. மண்ணும் புகையும் முகத்தில் அடிக்கும். டீசலுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. அங்கத்து ஆட்கள் ஒரு சிட்டிகையை உதட்டுக்குள் வைத்துக்கொண்டால் பசியும் தூக்கமும் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். "அப்ப அது பாவம்னு யாருஞ் சொல்லலீங்க. கடையில முட்டாய் மாதிரி தொங்குச்சு" என்றார்.

மறுநாள் நானே சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்று முடிவு வந்தபோது அவருடைய மனைவி தறியிலிருந்து அப்படியே, தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்றார். ஆபரேஷனில் கீழ்த்தாடையில் பாதியும் நாக்கில் ஒரு பகுதியும் போயின. பிறகு, ஊரில் கரண்டு வைப்பது என்பார்களே, அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். மூக்குவழிக் குழாயில் கஞ்சி இறங்கியது. பார்க்கப் போனால் சிரிக்கப் பார்ப்பார். முகத்தில் ஒரு பக்கம்தான் சிரிக்கும். ஒரு முறை அந்தப் பெட்டிக்கடைப் பெண் வார்டு வாசலில் நின்றிருந்தாள். கையில் கஞ்சி நிறைந்த தூக்குப்போசி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாதுங்க, இப்படி ஆகுமுன்னு" என்றாள். எனக்குத் தெரிந்திருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் வார்டுக்குள் போனேன்.

ஒன்றரை வருடம் கழித்து, திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் புகையிலை எதிர்ப்பு நாளுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் யாராவது வந்தால் பிள்ளைகள் மனதில் பதியும் என்றார் முதல்வர். தயங்கித் தயங்கித்தான் அண்ணனைக் கேட்டேன். அவர் தலையசைத்தார். அவருடைய மனைவி, "ஊட்லயே கெடக்கறாருங்க. கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வெள்ளைச் சட்டை, தாடையை மறைத்து ஒரு புதுத் துண்டு. மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும், முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். என்னைக் கேட்கவில்லை. "ஐயா, புகையிலையவே மொத்தமாத் தடை பண்ணிட்டா சமுதாயம் நல்லாயிருக்குமா? நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றாள்.

அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். துண்டை இறக்கி, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித்தள்ளிப் பேசினார். அரங்கத்துக்கு வெறும் காற்றும் ஈரமுமாகத்தான் கேட்டது. அத்தனை மாதம் பக்கத்தில் இருந்து பழகிய எனக்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

அவர் சொன்னது இதுதான்: "தடை இருந்துச்சு சாமி. புடிக்கப் போன வண்டிய ஓட்டுனதே நாந்தான். மேடத்துக்கும் தெரியும்."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. ஐயா என்ன சொல்கிறார் என்று முதல்வர் கேட்டார். நான் மைக்கை எடுத்தேன். "முழுசாத் தடை செய்யணும்னு சொல்றார். தன்னோட வாழ்க்கையே அதுக்குச் சாட்சின்னு சொல்றார்" என்றேன். கைதட்டல் எழுந்து அடங்க வெகுநேரம் ஆனது. அந்த மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் துண்டை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப்பின் இந்தக் கேள்வியை எத்தனையோ முறை எனக்குள் புரட்டிவிட்டேன். தடை வீண் என்று சொல்ல என்னால் முடியாது. பள்ளிக்கூட வாசலில் சரஞ்சரமாகத் தொங்கியவை இன்று தொங்குவதில்லை. மிட்டாய் மாதிரி கண்ணில் படாதது இன்னொரு பிள்ளையின் வாய்க்குப் போகாமல் தப்பலாம். அந்த ஒன்றுக்காகவே இன்னும் நூறு கடைக்குச் சீல் வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே வாய்க்குள் வைத்துவிட்டவனை எந்த உத்தரவும் திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டலத்தைத் தேடத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மனிதரைத் தேடச் சொல்லவில்லை. பீடியை விட்டுவிட்டு இதைப் பிடிக்கிற சட்டத்திடம், அந்தப் பெட்டிக்கடைக்காரி கேட்ட கேள்விக்கு இன்றும் பதில் இல்லை. எல்லாவற்றையும் தடை செய்யட்டும் என்று ஒருநாள் தோன்றும். அந்தத் தடைக்கும் ஒரு ஜீப் வேண்டும், அதை ஓட்ட ஒருவர் வேண்டும், பின்சீட்டில் எதையும் கேட்காமல் உட்கார ஒரு அலுவலர் வேண்டும் என்று மறுநாள் தோன்றும். பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வு மட்டும் வரவில்லை.

அன்று கல்லூரியிலிருந்து திரும்பும்போது காரில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மலைக்கோயில் கண்ணில் பட்டதும் வழக்கம்போல் கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேண்ணா. மன்னிச்சிருங்க."

அவர் துண்டை இழுத்துத் தாடையை மூடிக்கொண்டார். அவருடைய வீட்டுச் சந்தில் கார் நின்றது. இறங்கி, கதவைப் பிடித்தபடி குனிந்தார். துண்டை விலக்கிக்கொண்டு, எனக்குப் புரியவேண்டும் என்பதற்காக மிக மெதுவாகச் சொன்னார்.

"நீங்க சொன்னதும் சரித்தானுங்க மேடம். ஆனா நாஞ் சொன்னதையுஞ் சொல்லியிருக்கோணும்."

அடுத்த ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார்.