கடல் தண்ணீர் குடித்த கார்

அந்தக் காரில் நாங்கள் மொத்தம் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். அதற்கு முன் ஒன்றரை வருடம் அது எங்கள் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. யாராவது கேட்டால் என் கணவர் அந்தப் பதினொரு பயணங்களையும் வரிசையாகச் சொல்லுவார். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஒன்றரை வருடம்தான்.

அவர் அப்போது திருகோணமலைத் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை உள்ளே கொண்டுவந்து கட்டுகிற இழுவைப் படகு ஒன்றின் இயந்திர அறையில் வேலை செய்தார். நான் நகரத்தில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டச்சுச் செய்தேன். இன்றும் செய்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உள்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருவரும் இருந்தோம்.

ஸ்போர்ட்ஸ் கார் ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒருநாள் மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"இருபத்திரண்டு வருஷமா ஆரின்ரையோ கப்பலை நடக்கிற வேகத்தில இழுத்துக்கொண்டு திரியிறன். ஒருக்காலாவது என்ர பாட்டில வேகமாப் போகோணும்."

வெளிநாட்டு வாகனங்கள் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. பழைய கார்களே தொட முடியாத விலைக்குப் போயின. அந்த நேரத்தில்தான் ஒரு காப்புறுதிக் கொம்பனி, அடிபட்ட வாகனங்களை ஏலத்தில் விற்பதாகப் பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தது. பட்டியலின் நடுவில் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு திறந்த கார் இருந்தது. அவர் அந்த வரியைச் சுற்றிப் பேனையால் கீறிவிட்டு, பேப்பரை என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

கொழும்புக்கு வெளியே ஒரு பெரிய வளவில் அந்த வாகனங்களை நிறுத்தியிருந்தார்கள். இடையிடையே புல் முளைத்திருந்தது. சுற்றிப் பார்க்கலாம், ஆனால் இயந்திரத்தை இயக்கிப் பார்க்க விடமாட்டார்கள். எங்கள் கார் கடும் பச்சை. முன்னுக்கு இடப்பக்கம் நசிந்து, ஒரு விளக்கு பிதுங்கி வெளியே தொங்கியது. மற்றப்படி ஒரு கீறல்கூட இல்லை. அவர் போட்டிருந்த சேட்டு அழுக்காவதைப் பற்றி யோசிக்காமல் நிலத்தில் மல்லாந்து படுத்துக் கீழே பார்த்தார். எழும்பி வந்தபோது முகம் சின்னப்பிள்ளையின் முகம்போல இருந்தது.

"சேசிஸ் நேரா இருக்கு. அடி வெளியிலதான். இது எனக்கு மூண்டு மாச வேலை."

நான் கதவைத் திறந்து உள்ளே இருந்து பார்த்தேன். எலுமிச்சை மணம் குப்பென்று அடித்தது. கண்ணாடிக்குக் கீழே ஒன்று, ஆசனங்களுக்குப் பின்னால் இரண்டு என்று வாசனை அட்டைகள் தொங்கின.

"என்னத்துக்கு இத்தனை?" என்று கேட்டேன்.

"வைச்சிருந்த ஆள் துப்பரவான ஆள் போல" என்றார் அவர்.

நிபந்தனைத் தாளை நான்தான் முழுவதும் வாசித்தேன். உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது, பின்னர் தெரியவரும் எந்தக் குறைக்கும் விற்பவர் பொறுப்பல்ல, திருப்பி எடுக்கப்படமாட்டாது. எல்லைகள் எழுதாத காணி உறுதியை யாராவது கொண்டுவந்தால் எங்கள் நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மேலே வாசிக்கமாட்டார். அதை என் கணவரிடம் சொன்னேன்.

"நீர் கடுதாசியைப் பாரும். நான் இரும்பைப் பாக்கிறன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு மேல்தட்டுப் போடவென்று வைத்திருந்த காசு அன்றைக்குப் போனது. அவர் மட்டும் போட்ட கையெழுத்தல்ல அது. நானும்தான் போட்டேன்.

கார் லொறியில் வந்து இறங்கிய அன்று ஒழுங்கையில் இருந்த எல்லோரும் வந்து பார்த்தார்கள். மறுநாள் கிண்ணியாவிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர் வந்தார். வாகனம் திருத்துகிற கராச் வைத்திருந்து, மகன்மாரிடம் அதைக் கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்தவர். அவருக்குப் பழக்கமில்லாத இயந்திரம் இந்த மாவட்டத்தில் இல்லை என்பார்கள். என் கணவருக்குப் பல வருடச் சிநேகிதர்.

நசிந்த பக்கத்தை நானா திரும்பியும் பார்க்கவில்லை. நேரே உள்ளே ஏறி, ஆசனப் பட்டியைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். யாரும் ஒருநாளும் இழுக்காத கடைசி முழம் வெளியே வந்தது. அதில் மண்ணிறத்தில் ஒரு கறை, கோடு போட்டதுபோல. பிறகு கம்பளத்தைக் கிளப்பினார். அடியில் மெல்லிய மணல். ஆசனத்தின் ஆணியைச் சுற்றிப் பூத்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது மழை வெள்ளமில்ல. கடல் தண்ணி."

என் கணவர் குனிந்து அந்தப் பொருக்கைத் தானும் தொட்டு நாக்கில் வைத்தார்.

எங்கே, எந்தக் கரையில், எப்படி அது கடலுக்குள் போனது, யார் அதைக் கழுவி மணக்க வைத்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அடிபட்டது அதற்குப் பிறகுதான் என்று நானா சொன்னார். காப்புறுதிக் கொம்பனிக்காரர்கள் அடிபட்டதை மட்டும் பார்த்து எழுதிவிட்டிருப்பார்கள்.

"இப்ப ஓட வைக்கலாம்" என்றார் நானா. "அது பெரிய வேலையில்ல. ஆனா உப்பு வயருக்குள்ள இரிக்கி. உள்ளுக்க இருந்து தின்னும். எப்ப நிக்கும், எங்க நிக்கும் எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது. அடிபட்டா ஸ்டியரிங்குக்குள்ள இரிக்கிற காத்துப் பலூன் விரியுமா, விரியாதா, அதுவும் தெரியாது."

அவர் போன பிறகு என் கணவர் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் வந்து நின்றார்.

"இருபத்திரண்டு வருஷமா உப்போடதான் சண்டை பிடிக்கிறன்" என்றார். "நிலத்தில படுத்துப் பாத்தும் எனக்குத் தெரியேல்லை. தெரியாமல் இல்லை. பாக்க விருப்பமில்லை."

நான் அவரை ஏசவில்லை. ஏச நினைத்திருந்தேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபின் வாய் வரவில்லை.

வயர் முழுவதையும் கழற்றிச் சோதித்து, கெட்டதை மாற்றிப் பூட்டுவது என்று முடிவானது. புதன்கிழமைகளிலும் சனிக்கிழமைகளிலும் நானா பின்னேர பஸ்ஸில் வந்து, முற்றத்தில் நின்று இருமிக் கூப்பிடுவார். கழற்றுகிற ஒவ்வொரு வயருக்கும் நான் அலுவலகத்து உறுதி நடையில் ஒரு சிட்டை எழுதிக் கட்டினேன். இன்ன இலக்க வயர், வடக்கே விளக்கு, தெற்கே பெட்டி. உறுதி எழுதுகிற பழக்கம். நானா அதை வாசித்துக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு அவரே, "தங்கச்சி, இதுக்குக் கிழக்கு எல்லை என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்.

பல் தீட்டுகிற தூரிகையால் செப்பு முனைகளைத் தேய்ப்பது என் வேலை. பச்சைக் களிம்பு போய்ச் செம்பு மினுங்கத் தொடங்கும்போது மனதுக்கு ஒரு ஆறுதல் வரும். மதில் இடிந்திருந்த பக்கத்தால் ஊருக்குள் திரிகிற மான்கள் உள்ளே வந்து, கழற்றி வைத்த ஆசனத்தை மணந்து பார்த்துவிட்டுப் போகும். நானாவின் மனைவி ஒரு ஏனத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்ட வட்டிலப்பம் கொடுத்துவிடுவார். நாங்கள் மூவரும் காரின் கதவில் சாய்ந்துகொண்டு அதைத் தின்போம். கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடத்தில் என் கணவரோடு நான் அவ்வளவு கதைத்ததில்லை. அதற்கு முன் அவர் வேலையால் வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். இப்போது ஒரு வயரின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, அவர் சின்ன வயதில் கடலில் மூழ்கித் தப்பியது முதல் எல்லாவற்றையும் சொன்னார்.

இடையில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. ஊரே வரிசையில் நின்றது. அவர் சைக்கிளில் துறைமுகத்துக்குப் போனார். எங்கள் கார் பூட்டி முடிந்து, ஓட எண்ணெய் இல்லாமல் மாதக்கணக்கில் நின்றது. பிறகு ஒரு ஞாயிறு காலை, ஒருவழியாக வெளியே எடுத்தோம்.

கூரைச் சீலையை மடித்துவிட்டு நிலாவெளி வீதியில் போனோம். சாம்பல்தீவுப் பாலத்தில் கடல் காற்று முகத்தில் அறைந்தது. சல்லிக்குத் திரும்பினோம். அங்கே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி, "என்ன அக்கா, கூரை போடக் காசு காணேல்லையோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும்போது என் தலைமுடியிலும் ஆசனத்திலும் கருவாட்டு மணம். எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தவள்போல இருந்தேன்.

பதினோராவது ஞாயிறு கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர் தாண்டி, சம்பூரைப் பார்த்துப் போனோம். கட்டைபறிச்சானுக்குக் கிட்ட, நல்ல நேர் வீதியில், ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த தட்டின் சின்ன விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. இயந்திரம் நின்றது. ஆனால் கார் நிற்கவில்லை. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிறேக் மிதிபடவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் பின்னுக்குப் பிள்ளையை வைத்துச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனாள். அவர் முழுப் பலத்தையும் போட்டு ஸ்டியரிங்கை முறுக்கி, காரை வீதியோரப் பற்றைக்குள் விட்டார். வாய்க்கால் விளிம்பில் மோதி நின்றோம். காற்றுப்பை விரியவில்லை. என் நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

அந்தப் பெண் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தன் போத்தலில் இருந்த தண்ணீரைத் தந்தாள். தனக்கும் காருக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளை காரின் விளக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கணவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிண்டிட்டுது" என்றார் கடைசியாக. "இனி வேண்டாம்."

பார்ப்பதற்குக் கார் அப்போதும் அழகாகத்தான் இருந்தது. சிறிய நசிவை நானா சரிப்படுத்தினார். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வைத்திருந்த ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். சுற்றி நடந்து பார்த்தார், உள்ளே இருந்து பார்த்தார், இயக்கிப் பார்த்தார். அன்றைக்கென்று முதல் தடவையிலேயே இயங்கியது.

"அடிபட்டதோ?" என்று கேட்டார்.

"முன்னுக்குக் கொஞ்சம். செய்தாச்சு" என்றார் என் கணவர்.

அது பொய்யில்லை. நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன். காரைக் கழுவி மணக்க வைத்தவரும் காப்புறுதிக்காரரிடம் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். வந்தவர் ஒரு விலை சொன்னார். நல்ல விலை. மேல்தட்டின் படிக்கட்டுகள்கூட எனக்குக் கண்ணில் தெரிந்தன.

என் கணவர் போய்க் காரின் கதவைத் திறந்து பிடித்தார்.

"அண்ணை, இறங்குங்கோ" என்றார். "இது கடல் தண்ணிக்குள்ள கிடந்த கார். ஓடேக்க நிக்கும். எங்களைக் கொல்லப் பாத்தது. வீதியில போன ஒரு பிள்ளையையும்."

அவர் இறங்கினார். ஆனால் போகவில்லை. "நான் ஓடப் போறேல்லை. ஹோட்டல் வாசலில வடிவுக்கு நிப்பாட்டத்தான்."

"நிக்கிற காரை ஆராவது ஒருநாள் ஓடிப் பாப்பினம், அண்ணை. நானெண்டாலும் பாப்பன்."

வந்தவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். நானா கிட்ட வந்து என் கணவரின் தோளில் கையை வைத்தார்.

இரண்டு சனிக்கிழமைகளில் காரைப் பிரித்தோம். கண்ணாடி, கதவுகள், சில்லுகள் என்று நல்லவை கராச்சுகளுக்குப் போயின. வயர்களைச் செம்புக்காக நானாவின் மகன்மார் எடுத்தார்கள். சேசிஸை வேறு யாரும் பொருத்தி ஓட்டாதபடி, என் கணவர் தன் கையாலேயே இரண்டாக வெட்டினார். பதிவை இரத்துச் செய்யக் கடிதம் நான் எழுதினேன். எத்தனையோ உறுதிகள் தட்டியிருக்கிறேன்; ஒன்றை முடித்துவைக்கிற கடிதம் எழுதியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருடம் அவர் வளைகுடா நாடொன்றின் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். அங்கேயும் இழுவைப் படகுதான். நானாவுக்கு இப்போது முழங்கால் நோ, கிண்ணியாவை விட்டு வெளிக்கிடுவதில்லை. புதன்கிழமைகளில் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது, முற்றத்தில் யாரோ இருமுகிற சத்தம் கேட்பதுபோல இருக்கும். ஒருவரும் இருக்கமாட்டார்கள். உடுப்பு மாற்றிக்கொண்டு, எனக்கு மட்டும் ஒரு கோப்பை தேத்தண்ணி போடுவேன்.

போன மாதம் அவர் லீவில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்குப் பஸ்ஸில் போனோம். யன்னல் பக்கம் என்னை இருக்கச் சொன்னார். வளைகுடாவில் வீதியெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஓடுதாம், ஒன்றின் பெயரும் இப்போது அவருக்கு ஞாபகம் நிற்பதில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவர் உப்புவெளி தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். இறங்குகிற இடம் வந்தும் நான் உடனே எழுப்பவில்லை. அடுத்த பஸ் தரிப்பில் இறங்கி, வந்த வழியே இருவரும் நடந்தோம்.